பாரத்தோடு கொண்டு வா

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது, ரப்பர் தோட்டத்திலிருந்து இறங்கும் பாதையில் மோட்டார் சைக்கிளோடு சாய்ந்தேன். நான்கு கேன் பாலில் இரண்டு கேன் செம்மண்ணோடு போயிற்று. எனக்கு முழங்கை உரிந்ததோடு சரி. ஆனால் மண்ணில் கொட்டிய ரப்பர் பாலை அள்ள முடியாது. சருகும் குச்சியும் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரத்தில் தோல்போலத் திரண்டுவிடும். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நானும் மனைவியும் மச்சானும் மரம் மரமாகச் சீவி எடுத்த பால் அது. வெயில் ஏறிவிட்டால் மரத்தில் பால் இறங்குவது குறைந்துவிடும் என்பதால் ரப்பர்க்காரனுக்கு எப்போதும் பாதித் தூக்கம்தான். அந்தப் பாதித் தூக்கத்தின் கூலி வேர்களுக்கு நடுவே வெள்ளையாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விழுந்த இடம் புது இடம் இல்லை. தென் பர்மாவில், மோல்மீன் பக்கத்து ஊரான முடோனுக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். அங்கிருந்து பால் உறைய வைக்கும் கொட்டகைக்கு மூன்று மைல். அதில் இரண்டு மைல் தோட்டப் பாதை. சரளை கலந்த செம்மண், குறுக்கே ரப்பர் மர வேர்கள், மழைத் தண்ணீர் அறுத்துவிட்டுப் போன சால்கள். மோல்மீன் வட்டாரத்தில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். அதில் பெரும்பங்கு மே முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அதனால் மழைக்காலம் முடிந்து முதல் நாள் மரம் சீவப் போகும்போது போன வருடப் பாதை இருக்காது. புதிதாக ஒரு பாதையைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த வளைவில் ஹேண்டிலைத் திருப்பினேன். முன்சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. நேராகப் போய்ச் சாலில் இறங்கி இடது பக்கமாகப் படுத்துவிட்டது.

இதை அன்றைக்கே உட்கார்ந்து சரியாக யோசித்திருந்தால் எனக்கு எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும். முன்சக்கரம் வழுக்கியது, ஆகவே கோளாறு முன்பக்கம் என்று முடிவு கட்டினேன். பார்க்கிற எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

வண்டி ஹோண்டா வேவ் 125. யோடயா வண்டி. பர்மியர்களைப் போல நாங்களும் தாய்லாந்தை யோடயா என்றுதான் சொல்கிறோம். அயுத்தயா என்ற பழைய தலைநகரின் பெயர் தேய்ந்து வந்தது அது. அந்த அயுத்தயாவே நம் அயோத்தியிலிருந்து வந்த பெயர். மியாவடி எல்லை வழியாக வந்த அந்த வண்டியை அப்பா 2007-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். ரங்கூன் நகரத்துக்குள் 2003-லிருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால், அங்கே இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களுக்கு இது வெறும் வண்டி. எங்கள் பக்கம் இதுதான் காலும் கையும். பால் எடுப்பது, ரப்பர் ஷீட் விற்கப் போவது, கோயிலுக்குப் போவது, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போவது எல்லாம் இதில்தான். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. புது வண்டி வாங்கச் சொல்லாத ஆள் இல்லை. எஞ்சின் இன்றைக்கும் முதல் உதையில் எழும்புகிறது. சீட்டுக்கு அடியில் அப்பா சுற்றிய துணி டேப் அப்படியே இருக்கிறது. இந்த வண்டியை விடுவதற்கு எனக்கு மனசு இல்லை. விடாமல் வைத்துக்கொள்வது என்றால், அது என்னைக் கீழே தள்ளாமல் இருக்க வேண்டும்.

முதலில் நான் செய்த வேலை இதுதான். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும், உள்ளே ஸ்பிரிங்கும் ஆயிலும் உள்ள ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் கழற்றினேன். இந்த மாதிரிச் சின்ன வண்டி ஃபோர்க்கில் ஆயில் வடிப்பதற்குத் தனியாக ஒரு போல்ட் இருக்காது. மொத்தமாகக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தால்தான் வரும். கவிழ்த்தேன். பாத்திரம் கழுவிய தண்ணீர் போல, சாம்பல் நிறத்தில், நாற்றத்தோடு வந்தது. அநேகமாக அப்பா வாங்கியதிலிருந்து யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். எஞ்சின் ஆயிலை மாதம் தவறாமல் மாற்றுகிற நாங்கள் ஃபோர்க் ஆயிலை நினைப்பதே இல்லை. சரி, கெட்டியான ஆயிலாக ஊற்றுவோம் என்று ஒரு கடையில் கேட்டேன். லேபிள் இல்லாத பாட்டிலில் ஒன்றைக் கொடுத்தார்கள். 20-ஆம் நம்பர் என்றார்கள். அதை ஊற்றி, ஸ்பிரிங்குக்கு மேலே 15 மில்லிமீட்டருக்கு ஒரு பிவிசி குழாய்த் துண்டையும் வைத்து மூடினேன். முன்பக்கம் நிமிர்ந்து நின்றது. கையால் அமுக்கினால் கல்போல இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் பாதையில் இறங்கியதும் சந்தோஷம் போயிற்று. வேரில் ஏறும்போது முன்சக்கரம் வேரை விழுங்காமல், அதன்மேல் மோதித் துள்ளியது. ஒரு வாரத்தில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அதைவிட மோசம், வளைவுகளில் வண்டி முன்பைவிட அதிகமாக நேராகப் போகப் பார்த்தது. கெட்டிப்படுத்தியும் பிடிக்கவில்லை என்றால் இன்னும் கெட்டிப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன். அந்தச் சீசன் முழுவதும் பயந்து பயந்து, காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே இறங்கினேன்.

மழை பிடித்துக்கொண்டு மரம் சீவுவது நின்றபிறகு, ஜூனில், மோல்மீன் போனேன். முடோனிலிருந்து சுமார் 18 மைல். அங்கே ஒரு சந்துக்குள் தமிழர் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். எழுபது தாண்டியவர். சொந்தமோ இல்லையோ, தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் பெரியப்பா; மோன் இனத்து, பர்மியப் பையன்களுக்கு அவர் சயா, அதாவது வாத்தியார். நான் வண்டியை நிறுத்திவிட்டு முன் ஃபோர்க்கைக் காட்டிக் கதை முழுவதையும் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"விழுந்தப்போ வெறும் வண்டியா, பாரமா?"

"பாரத்தோடதான் பெரியப்பா. நாலு கேன்."

"வெறும் வண்டில எப்பவாச்சும் விழுந்திருக்கியா?"

யோசித்துப் பார்த்தேன். ராத்திரி போகும்போது அதே பாதையில், இருட்டில், வேகமாகத்தான் ஏறுகிறேன். ஒரு நாளும் விழுந்ததில்லை.

"அப்போ பாரத்தோட கொண்டு வா. வெறும் வண்டிய எங்கிட்ட காட்டி என்ன பிரயோஜனம்?"

இது எனக்கு உறைத்த மாதிரி வேறெதுவும் உறைத்ததில்லை. பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போகும்போது எல்லோரும் சாமானையெல்லாம் இறக்கி, கழுவி, துடைத்து, வெறும் வண்டியாகத்தான் கொண்டு போகிறோம். மெக்கானிக்கும் அந்த வெறும் வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறார். பொய் இல்லை, அந்த வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. விழுகிற வண்டியை அவர் பார்க்கவே இல்லை.

அடுத்த வாரம் நான்கு 20 லிட்டர் கேன்களில் தண்ணீர் நிரப்பி, பக்கத்துக்கு இரண்டாகக் கேரியரில் கட்டி, 18 மைலும் மெதுவாக ஓட்டிப் போனேன். தண்ணீரும் ரப்பர் பாலும் எடையில் ஏறத்தாழ ஒன்றுதான். பெரியப்பா என்னைச் சீட்டில் உட்காரச் சொல்லி, இரண்டு பையன்களை இரண்டு பக்கமும் பிடிக்க விட்டு, பத்தடி தள்ளிப் போய்ப் பக்கவாட்டில் நின்று பார்த்தார். அப்புறம் என்னை இறக்கி, ஒரு பையனை ஏற்றி, என்னையும் அங்கே வந்து நின்று பார்க்கச் சொன்னார். பதினைந்து வருடமாக ஓட்டுகிற வண்டியை நான் வெளியே நின்று பாரத்தோடு பார்த்தது அதுதான் முதல் தடவை. பின்பக்கம் மட்கார்டு டயரைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தது. முன்பக்கம் தண்ணீர் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கும் மாடு மாதிரி நிமிர்ந்திருந்தது. அதற்கும் மேலே நான் வேறு 15 மில்லிமீட்டர் குழாய் வைத்து அந்தத் தலையை இன்னும் தூக்கிவிட்டிருக்கிறேன்.

அன்றைக்கு அளந்த எண்கள் இன்னும் நோட்டில் இருக்கின்றன. அளக்கும் முறை எளிது, யாரும் செய்யலாம். பின் அச்சிலிருந்து நேர் மேலே, சீட்டுக்குக் கீழே ஓரிடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது ஓர் அளவு, வண்டி தன் எடையில் நிற்கும்போது ஓர் அளவு, ஆள் ஏறியபிறகு ஓர் அளவு, பாரமும் ஏறியபிறகு ஓர் அளவு. ஒவ்வொரு தடவையும் ஒருமுறை அமுக்கிவிட்டும், ஒருமுறை தூக்கிவிட்டும் அளந்து இரண்டுக்கும் நடுவே எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஷாக் அப்சார்பரில் இருக்கும் உராய்வு நம்மை ஏமாற்றிவிடும். என் வண்டிக்குத் தொங்கும்போது 412 மில்லிமீட்டர். தன் எடையில் 404. நான் ஏறியதும் 383. பாரத்தோடு 338. பின்சக்கரம் மொத்தமாகவே 80 மில்லிமீட்டர்தான் மேலே கீழே போகும். ஆள் மட்டும் இருக்கும்போது அதில் 29 போகிறது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அது நல்ல அளவு. பாரத்தோடு 74 போய்விடுகிறது. மிச்சம் 6 மில்லிமீட்டர். அரை விரல்கூட இல்லாத இந்த இடைவெளியில்தான் இரண்டு மைல் வேர்களையும் பள்ளங்களையும் வண்டி சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறது.

பாரம் எவ்வளவு என்று பெரியப்பா கேட்டபோது ஐம்பது வீசை என்றேன். பர்மாவில் இன்னமும் சந்தையில் வீசைக்கணக்குத்தான். ஒரு வீசை சுமார் 1.63 கிலோ. தமிழ்நாட்டில் தாத்தா காலத்து வீசை இதைவிடச் சின்னது, 1.4 கிலோ. ஆங்கிலேயர்கள் பர்மாவின் இந்த எடையை எழுத எடுத்துக்கொண்ட சொல்லும் நம் வீசையிலிருந்து போனதுதான். தமிழ்நாட்டில் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமல் போன சொல்லை முடோன் சந்தையில் மீன்காரி தினமும் கேட்கிறாள் என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. ஐம்பது வீசை என்றால் ஏறத்தாழ 81 கிலோ. என் எடையைவிட 20 கிலோ அதிகம்.

அந்த 81 கிலோ இருக்குமிடமும் ஒரு சங்கதி. கேரியர் பின் அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. கேன்களின் நடு, அச்சிலிருந்து 15 சென்டிமீட்டர் பின்னால் இருந்தது. இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளி 124 சென்டிமீட்டர். துலாக்கோல் கணக்குத்தான்: அச்சுக்குப் பின்னால் வைக்கும் பாரம் பின்சக்கரத்தை அமுக்குவது மட்டும் இல்லை, முன்சக்கரத்தைத் தூக்கவும் செய்யும். கணக்குப் போட்டால் முன்சக்கரத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோவை அது எடுத்துவிடுகிறது. பின்பக்கம் 45 மில்லிமீட்டர் இறங்குவதால் ஃபோர்க் இரண்டு டிகிரிக்கு மேல் சாய்ந்து, சக்கரம் முன்னால் தள்ளிப் போகிறது. ஃபோர்க் எவ்வளவு சாய்ந்து நிற்கிறதோ, வண்டி அவ்வளவு நேராகப் போக ஆசைப்படும். எடை குறைந்த முன்சக்கரம், திரும்ப மனசில்லாத ஃபோர்க், ஈரச் செம்மண். இதற்குமேல் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆக, வழுக்கியது முன்னால், காரணம் பின்னால். இதை நான் சித்தப்பா மகனிடம் போனில் சொன்னேன். அவன் கனடாவில் மானிட்டோபாவில் இருக்கிறான். "அண்ணே, எனக்கும் இதே கதைதான்" என்றான். அவன் ஒரு பழைய ஸ்னோமொபைல் வைத்திருக்கிறான், பனியில் ஓட்டும் வண்டி. முன்னால் சக்கரத்துக்குப் பதில் வழுக்கிப் போகும் இரண்டு ஸ்கீ பலகை, பின்னால் சங்கிலிபோலச் சுற்றும் ரப்பர்ப் பட்டை. வளைவில் ஸ்கீ பிடிக்காமல் நேராக இழுத்துக்கொண்டு போகிறதென்று ஸ்கீயையும் அதன் அடியில் இருக்கும் இரும்புக் கம்பியையும் மாற்றிப் பார்த்திருக்கிறான். பயன் இல்லை. அப்புறம்தான், பட்டைக்குள்ளே இருக்கும் சஸ்பென்ஷனின் முன்கை எவ்வளவு இறங்கலாம் என்று கட்டுப்படுத்தும் ஒரு வாரை ஒரு துளை இறுக்கினானாம். அந்த முன்கை மேலேயே நின்றதால் எடை முன்னால் சாய்ந்து ஸ்கீ பனியைக் கடித்துக்கொண்டது. அதிகம் இறுக்கினால் ஹேண்டில் கனத்து, வண்டி அலையும் என்றும் சொன்னான். அவன் ஊரில் அப்போது என்ன குளிர் என்று கேட்காமலேயே அரை மணி நேரம் இதையே பேசிக்கொண்டிருந்தோம். பனிக்கும் செம்மண்ணுக்கும் அந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை.

பெரியப்பா உடனே ஷாக்கைத் தொடவில்லை. முதலில் வண்டியில் எங்கெல்லாம் ஆட்டம் இருக்கிறதென்று பார்த்தார். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்கான கோன் செட்டில் லேசாக டொக்கென்று ஒரு சத்தம். ஹேண்டிலை விரல் நுனியால் மெதுவாகத் திருப்பினால் நேர் நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நின்றது. பல வருடமாக நேராகவே ஓடி, குண்டுகள் ஒரே இடத்தில் குத்திக் குத்தி ஏற்படும் பள்ளம் அது. பிறகு பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் ரப்பர் கிழிந்து, ஒரு விரல் அகலம் ஆடியது. கழற்றியபோது அந்த ரப்பர் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ரப்பர் போடுகிறவன் வண்டியில் ரப்பர் போய்விட்டது என்று அவர் சொன்னதும் பையன்கள் சிரித்தார்கள். கோன் செட், புஷ் இரண்டும் மாற்றினோம். ஷாக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த இரண்டும் ஆடினால் எதை மாற்றுகிறோம், எது மாறுகிறது என்றே தெரியாது. முதலில் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத்தான் மற்றது.

அப்புறம் ஸ்பிரிங். இங்கே பலரும் ஒரு தப்பை நம்புகிறார்கள், நானும் நம்பினேன். ஷாக்கின் அடியில் இருக்கும் பல்வளையத்தைத் திருகி ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று. ஆகாது. வளையத்தை ஏற்றுவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். வண்டி உயரமாக நிற்கும். ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ வேண்டும் என்ற கணக்கு அப்படியேதான் இருக்கும். நான் ஃபோர்க்கில் வைத்த குழாய்த் துண்டும் இதே வேலையைத்தான் செய்தது. கெட்டிப்படுத்துகிறேன் என்று நினைத்து உயர்த்திக்கொண்டிருந்தேன்.

உண்மையான கெட்டி, கம்பியின் தடிமனில் இருக்கிறது. பெரியப்பா பழைய சாமான் பெட்டியிலிருந்து, இதைவிடக் கொஞ்சம் கனமான ஒரு வண்டியின் ஷாக் ஜோடி ஒன்றை எடுத்தார். வெர்னியர் அளவுகோலை என் கையில் கொடுத்து என்னையே அளக்கச் சொன்னார். என் ஸ்பிரிங் கம்பி 6.5 மில்லிமீட்டர். அது 7.2. சுற்றுகளின் எண்ணிக்கையும் அகலமும் ஒன்றுதான். முக்கால் மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லையே என்றேன். கம்பித் தடிமனை நான்கு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கிப் பார்க்க வேண்டும் என்றார். போனில் கணக்குப் போட்டேன். ஒன்றரை மடங்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த 0.7 மில்லிமீட்டருக்கு இத்தனை பலம் இருக்கிறது. சிலர் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிக் கெட்டியாக்குவார்கள். கெட்டியாகத்தான் ஆகும், ஆனால் ஸ்பிரிங் குட்டையாகி வண்டியும் இறங்கிவிடும். வெட்டிய முனையும் உட்காருமிடத்தில் சரியாக உட்காராது. பாரம் ஏற்றுகிற வண்டிக்கு அது வேண்டாத வேலை.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றலாமா என்று கேட்டேன். "ஸ்பிரிங் எந்திரிக்கிற வேகத்த எவன் பிடிப்பான்?" என்றார். ஷாக்குக்குள் இருக்கும் ஆயிலுக்கு அதுதான் வேலை. கெட்டியான ஸ்பிரிங்கைப் பழைய டேம்பரில், அதாவது அந்த ஆயில் இருக்கும் பழைய குழாயில் போட்டால், அமுங்கிய ஸ்பிரிங் விசையோடு நிமிர்ந்து பின்பக்கத்தைத் தூக்கி எறியும். அதை என் பழைய ஷாக்கிலேயே காட்டினார். பின்பக்கத்தை ஓங்கி அமுக்கி விட்டபோது மூன்று தடவை மேலும் கீழும் ஆடித்தான் நின்றது. புது ஜோடியை மாட்டி அமுக்கியபோது ஒரே தடவை எழுந்து, அப்படியே நின்றது. அந்தக் கனமான வண்டியின் டேம்பர் அந்த ஸ்பிரிங்குக்கென்றே செய்தது, அதனால் முழு ஜோடியாகவே எடுத்துக்கொண்டேன். அது என் ஷாக்கைவிடப் பத்து மில்லிமீட்டர் நீளம். அதனால் பின்பக்கம் உயர்ந்து, ஃபோர்க் ஏறத்தாழ அரை டிகிரி நிமிர்ந்தது. எனக்கு அதுவும் வேண்டியதே.

மறுபடி அளந்தோம். இந்த முறை கேன்களையும் முன்னால் தள்ளிக் கட்டியிருந்தோம். அவற்றின் நடு சரியாகப் பின் அச்சுக்கு மேலே. தன் எடையில் 5 மில்லிமீட்டர் இறக்கம், நான் ஏறியதும் 19, பாரத்தோடு 46. மிச்சம் 34 மில்லிமீட்டர். ஆறு இருந்த இடத்தில் முப்பத்து நான்கு. நோட்டில் இந்த இரண்டு எண்ணையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். நான் மட்டும் ஓட்டும்போது கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே ஸ்பிரிங் அறுபது கிலோவுக்கும் நூற்று நாற்பது கிலோவுக்கும் சமமாக இருக்க முடியாது. எது ஆளைக் கீழே தள்ளுகிறதோ அந்தப் பக்கத்துக்கு ஏற்றபடி வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

முன்பக்கம் வந்தோம். குழாய்த் துண்டை எடுத்து எறிந்தேன். லேபிள் இல்லாத ஆயிலையும் வடித்து, அதைவிட மெல்லிய 10-ஆம் நம்பர் ஃபோர்க் ஆயிலை ஊற்றினேன். இந்தச் சின்ன ஃபோர்க்குகளில் ஆயில் போவதற்கு அளவு மாறாத சில துளைகள்தான் உண்டு. மெதுவாக அமுங்கும்போது ஆயில் நிம்மதியாகப் போகும். சட்டென்று ஒரு வேர் மோதினால் அந்த வேகத்துக்கு ஆயில் போக இடம் போதாமல் அடைத்துக்கொண்டு, ஃபோர்க் ஒரு இரும்புக் கம்பியாகிவிடும். வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். கெட்டி ஆயில் இதை இன்னும் மோசமாக்கும். என் மணிக்கட்டு வீங்கியதற்கு அதுதான் காரணம். பதிலாக ஆயில் மட்டத்தை மட்டும் பத்து மில்லிமீட்டர் உயர்த்தினோம். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, குழாயை முழுக்க இறக்கி வைத்து, மேல் விளிம்பிலிருந்து ஆயில் வரை ஒரு ஸ்கேலை விட்டு அளப்பது. மேலே காற்றுக்கு இடம் குறைந்தால், ஃபோர்க் ஆழமாக இறங்கும்போது மட்டும் காற்று அமுங்கித் தாங்கிப் பிடிக்கும். மேலோட்டமான அதிர்வில் அது தலையிடாது. பள்ளத்தில் விழும்போது மட்டும் உதவி.

இன்னொன்றையும் அங்கே கற்றேன், காசு செலவில்லாதது. ஃபோர்க்கை மாட்டியதும் எல்லா நட்டையும் ஒரேயடியாக முறுக்கிவிடக் கூடாது. அச்சு நட்டும் மட்கார்டு போல்ட்டும் தளர்வாக இருக்கும்போதே முன் பிரேக்கைப் பிடித்து ஐந்தாறு தடவை ஓங்கி அமுக்க வேண்டும். இரண்டு கால்களும் தாமாக நேராகிக்கொள்ளும். பிறகு கீழேயிருந்து மேலாக முறுக்கிக்கொண்டு வர வேண்டும். அமுக்கி அளப்பதற்கும் தூக்கி அளப்பதற்கும் முன்பக்கம் 9 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது, இப்படிச் செய்தபிறகு 4-ஆகக் குறைந்தது. வழவழவென்று அமுங்கும் ஃபோர்க் கையில் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

செப்டம்பர் கடைசியில், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தபோது, தோட்டப் பாதையில் ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். பாதை முழுவதும் இல்லை. விழுந்த வளைவுக்கு மேலேயும் கீழேயுமாக ஒரு பர்லாங்கு. தண்ணீர்க் கேன்களோடு, ஒரே வேகத்தில், ஒரு நாளைக்கு ஆறு தடவை. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவது என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். டயர் காற்று ஒரு நாள், பல்வளையம் ஒரு நாள், கேன் கட்டும் விதம் ஒரு நாள். திரும்பி வந்ததும் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டில் எழுதுவேன். மச்சான் முதல் நாள் பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்றார். மூன்றாம் நாள் அவரே ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, சக்கரம் எங்கே தரையை விட்டுத் தூக்குகிறது என்று பார்த்துச் சொன்னார். மேலே உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு அது தெரியாது.

அந்த நாட்களில் தெரிந்தவற்றில் எனக்கு ரொம்பப் பிரயோஜனமானது கேன் விஷயம். நான்கு கேனும் முக்கால் முக்காலாக இருக்கும் நாளில் வண்டி வளைவுக்குப் பிறகும் ஒருமுறை தானாகச் சாயும். உள்ளே பால் தாமதமாக ஒரு பக்கம் போய் மோதுகிறது. எந்த ஷாக்காலும் அதைச் சரி செய்ய முடியாது. இப்போது குறைவாகப் பால் கிடைத்த நாளில் இரண்டு கேனை வாய் வரை நிரப்பி, மற்ற இரண்டைக் காலியாகவே கட்டுகிறேன். கட்டுவதும் முன்பைவிட ஒரு சாண் கீழே. அந்த ஒரு சாணுக்காகக் கேரியரின் பக்கக் கம்பிகளை வெட்டி மறுபடி வெல்டிங் வைத்தோம். டயர் காற்றைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. பாரத்துக்குச் சொல்லியிருக்கும் அளவைப் பின்னால் வைப்பது, முன்னால் அதிகம் ஏற்றாமல் இருப்பது. அதிகக் காற்று ஏறிய முன் டயர் வேரின்மேல் பந்துபோலத் துள்ளுகிறது.

அக்டோபரில் மரம் சீவ ஆரம்பித்து முதல் பால் ஏற்றிய அன்று, அந்த வளைவுக்கு வரும்போது என் தோள் தானாக இறுகிவிட்டது. மச்சான் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி, "மெதுவா, மெதுவா" என்று கத்துவது கேட்டது. ஹேண்டிலைத் திருப்பினேன். முன்சக்கரம் செம்மண்ணை அழுத்திக்கொண்டு திரும்பியது, பின்பக்கம் ஒருமுறை அமுங்கி எழுந்து அதன் பின்னாலேயே வந்தது. சாலுக்கு மேல் விளிம்போடு, நான் போக நினைத்த இடத்திலேயே வண்டி போயிற்று. கொட்டகைக்கு வந்து பாலை வடிகட்டித் தட்டுகளில் ஊற்றி, ஃபார்மிக் அமிலம் கலந்து வைத்துவிட்டு, காலை மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் சாப்பிடும்போதுதான் கை நடுங்குவது நின்றது. அன்று மாலையே மோல்மீனுக்குப் போன் போட்டேன். "எத்தனை கேன்?" என்று மட்டும் பெரியப்பா கேட்டார். நாலு என்றேன். "சரி, ஒரு மாசம் கழிச்சு நட்டெல்லாம் முறுக்கிப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இப்போது வண்டியை இரண்டு பேர் ஓட்டுகிறோம். ராத்திரியும் காலையும் நான். பத்து மணிக்கு மேல் மகள் அதை மோல்மீனுக்குக் கல்லூரிக்கு எடுத்துப் போகிறாள். அவள் 45 கிலோ. எனக்காக மூன்றாம் பல்லில் வைத்த ஷாக் அவளுக்குக் கட்டைபோல இருக்கிறது, சாலையில் சின்னப் பள்ளத்துக்கும் முதுகில் குத்துகிறது என்று சொன்னாள். சேர்ந்து உட்கார்ந்து அளந்தோம். நான் டேப்பைப் பிடிக்க, அவள் எழுதினாள். முதல் பல்லில் வைத்தால் அவள் உட்காரும்போது 23 மில்லிமீட்டர் இறங்குகிறது, அது சரியான அளவு. கொக்கி ஸ்பானரைச் சீட்டுக்கு அடியில், அப்பா சுற்றிய டேப்புக்குப் பக்கத்தில் சொருகி வைத்திருக்கிறோம். கேன்களை நான் இறக்கி முடிப்பதற்குள் தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய முகத்தோடு வந்து குந்தி, இடது பக்கம் இரண்டு பல், வலது பக்கம் இரண்டு பல் இறக்கிவிட்டுக் கிளம்புகிறாள். சாயங்காலம் வந்ததும் மறக்காமல் மூன்றாம் பல்லுக்கு ஏற்றிவிட்டு, சமையல்கட்டைப் பார்த்து, "அப்பா, ஏத்திட்டேன்" என்கிறாள்.